சாமிச் சேலையில் ஏழு குட்டிகள்

மகளே, இதை யாரிடமும் காட்டாதே. உன் அப்பாவிடம் காட்டாதே, கூடப் படிக்கிறவர்களிடம் காட்டாதே. நான் உயிரோடு இருந்தால் என்னிடமும் காட்டாதே; வெட்கப்பட்டு வாங்கிக் கிழித்துவிடுவேன். படித்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. உயிரியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத் தாள்களில் இதை எழுதுகிறேன். கதவைத் தாழிட்டிருக்கிறேன். இன்று வியாழக்கிழமை. நாளைக் காலையில் எங்கள் வீட்டில் ஒரு பெட்டியைத் திறப்பார்கள். அதில் இருக்க வேண்டிய சேலை இருக்காது. அதை வெளியே கொண்டுபோனவள் நான். பழி அம்மாவின் தலையில் விழப்போகிறது.

பிறக்காத பிள்ளைக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். அம்மாக்கள் தங்கள் சின்ன வயதுத் தப்புகளை மகள்களிடம் சொல்லும்போது கொஞ்சம் அழகாக்கித்தான் சொல்கிறார்கள். நானும் வருங்காலத்தில் உன்னிடம் இதை ஒரு வேடிக்கைக் கதை மாதிரி சொல்லுவேன், கடைசியில் எல்லோரும் சிரித்தார்கள் என்று முடித்துவிடுவேன். அப்படிச் சொல்ல முடியாதபடிக்கு இன்றைக்கே எழுதி வைக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சேலை வருஷா வருஷம் இந்த வீட்டுப் பெண்களுக்கு முறை வைத்து வருவது. இந்த வருஷம் என் முறை. உன் காலத்தில் உனக்கும் ஒன்று வரும். எப்படி ஒன்று வராமல் போயிற்று என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அது செல்லம்மாள் அத்தைக்குப் படைத்து வைக்கிற சேலை. அப்பாவின் அக்கா அவர். இருபது வயதில் தலைப்பிரசவத்தில் போய்விட்டார், குழந்தையும் தங்கவில்லை. அதிலிருந்து அவர்தான் எங்கள் வீட்டுச் சாமி. பரணில் ஓர் ஓலைப்பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு தை மாதமும் ஒரு வெள்ளிக்கிழமை அதை இறக்கி, படையல் போட்டு, போன வருஷம் வைத்த சேலையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைப்பார்கள். எடுத்த சேலையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொண்டு விளக்கின் முன்னால் நிற்க வேண்டும். மற்ற நாட்களில் பெட்டியைத் தொடக்கூடாது. அத்தை வலி வந்து துடித்தபோது கார் பிடித்துவர சைக்கிளில் ஓடியவர் அப்பாதான். அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாராம். கார் வருவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. இப்போது டவுன் பஸ் ஓட்டுகிறார், நாள் முழுக்க யாரிடமாவது கத்திக்கொண்டிருப்பார். ஆனால் அந்தப் பெட்டியின் மூடியைத் திறக்கும்போது மட்டும் மிக மெதுவாக, “அக்கா, வந்துட்டோம்” என்பார்.

இனி நாய்க் கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விலங்குகள் காப்பகம் என்று போர்டு இருக்கிறது, ஆனால் திருக்கோகர்ணத்தில் ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் முழிப்பார். ஊருக்கு வெளியே நான்கு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, சுற்றிக் கம்பிவேலி. ஆவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த மேரி அக்கா அதைப் பார்த்துக்கொள்கிறார். முன்பு மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். வாய் கொஞ்சம் நீளம். போன வருஷம் எங்கள் தெருவில் பைக் அடித்துக் கிடந்த ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு போனபோது அவரிடம் முதல் முறையாகப் பேசினேன். “தூக்கிட்டு வந்துட்டீல்ல, இதோட போயிருவியா, இல்ல நாளைக்கும் வந்து பாப்பியா?” என்று கேட்டார். வருவேன் என்றேன். “எல்லாரும் அப்புடித்தான் சொல்லுவாக” என்றார். அந்த ரோஷத்தில்தான் மறுநாள் போனேன். அப்பா ஒரு நிபந்தனையோடு விட்டார்: “சனிக்கெழம மட்டும். வீட்டுச் சாமான் எதுவும் அங்கிட்டுப் போகக்கூடாது. போச்சு, அதோட சரி.”

உனக்கு ஒன்று சொல்கிறேன், மகளே. உன் ஊரிலும் இப்படி ஒரு கொட்டகை இருக்கும். அங்கே போக உன்னிடம் பணம் இருக்க வேண்டும் என்று நினைக்காதே. நான் வெறுங்கையோடுதான் போனேன். ஆனால் உன் இஷ்டத்துக்கு எதையாவது கொண்டுபோய் இறக்காதே, முதலில் என்ன வேண்டும் என்று கேள். நான் கேட்கவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் மிஞ்சியதை இரண்டு வாளி நிறைய வாங்கிக்கொண்டு பெருமையாகப் போனேன். பிரியாணி, அதற்கு மேலே பாயசமும் கலந்து கிடந்தது. மேரி அக்கா இல்லாத நேரத்தில் ஊற்றிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் போனால் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “வாம்மா மகராசி! ஒம்போது நாயிக்கு வயித்தால போச்சு. ஒண்ணு தொண்டையில எலும்பு சிக்கிச் செத்துப் பொழைச்சுச்சு. மூணு நாளு நான் கழுவுனேன். நீ வந்து மோந்தாவது பாத்தியா?” நான் அழுதேன். “அழுதது போதும், வெளக்கமாத்த எடு” என்றார். அன்று முழுக்கக் கழுவினேன். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் சொல்லி வைத்தேன்: உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி கூடப் போடுங்கள், உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் சேராத வெறும் சோறாக எடுத்து வையுங்கள் என்று. கறிக்கடை பாய் கோழித் தலையையும் காலையும் வேகவைத்தே தருகிறார். அவர் கடைக்கு நாங்கள் வாடிக்கைகூட இல்லை, கேட்டேன், தந்தார். கேட்க வெட்கப்படாதே. நான் எனக்காக எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. நாய்களுக்காகக் கேட்கும்போது எப்படியோ வாய் வந்துவிடுகிறது.

கையில் கொடுக்க எதுவும் இல்லாத நாளில் நேரத்தைக் கொடு. மூலையில் சுருண்டுகொண்டு யாரைப் பார்த்தாலும் பல்லைக் காட்டுகிற நாய்கள் அங்கே இருக்கும். அவற்றைத் தொட வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். கூண்டுக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு நான் விலங்கியல் பாடத்தைச் சத்தமாகப் படிப்பேன். எனக்குப் பரீட்சைக்கு ஆயிற்று, அவற்றுக்கு மனிதக் குரல் பழகிற்று. மனித இனப்பெருக்கம் பாடத்தை மூன்று சனிக்கிழமைகளில் முடித்தபோது ஒரு கறுப்பு நாய் என் பின்னலை மோந்து பார்த்தது. மேரி அக்கா அங்கிருந்து கத்தினார்: “பாத்துடி, ஒனக்கு முன்னாடி அது பாஸாயிரப்போவுது!” இன்னொன்று. குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டு அந்த வாசலில் வைத்துவிட்டு ஓடிப்போகிறவர்கள் உண்டு. நீ அப்படிச் செய்யாதே, செய்கிறவரைப் பார்த்தால் சண்டை போடாமல் பேசு. பத்து நாள் உங்கள் வீட்டுக் கொல்லையில் வைத்திருங்கள், ஊசி போட்டு, ஆள் பார்த்துத் தருகிறோம் என்றால் பாதிப்பேர் ஒத்துக்கொள்கிறார்கள். காதில் ஒரு சிறு வெட்டு இருக்கும் நாய்களைத் துரத்தாதே. அவற்றுக்குக் கருத்தடை ஆகிவிட்டது, அவை தங்கள் தெருவுக்குத் திரும்பி வந்திருக்கின்றன. வாசலில் ஒரு கிண்ணம் தண்ணீர் போதும்.

இப்போது துணி. மார்கழியில் மழை விடாமல் பெய்தது. கொட்டகைத் தரை ஊறிப்போய், பைக்கில் அடிபட்டவையும் குட்டிகளும் நடுங்கின. பழைய துணி சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார் மேரி அக்கா. ஒரு விதியும் சொன்னார்: ஒவ்வொரு துணியையும் பிரித்து உதறிப் பார்க்க வேண்டும், கொக்கி, பொத்தான், பின்னூசி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், துவைத்திருக்க வேண்டும். நான் தெருவில் வீடு வீடாகக் கேட்டு மூன்று மஞ்சள் பைகளை நிரப்பினேன். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். பார்க்காதது ஒரே ஒரு பை, அந்த நாலாவது பை.

அது எப்படி வந்தது என்பது எனக்கு இந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. அந்த மழையில் பரணுக்கு மேலே ஒழுகி ஓலைப்பெட்டியில் ஈரம் ஏறிவிட்டது. அப்பா டூட்டியில் இருந்தார். அம்மா பயந்துபோய், யாருக்கும் சொல்லாமல் பெட்டியைத் திறந்து, சேலையை எடுத்து உள் கொடியில் காயப் போட்டிருக்கிறாள். காய்ந்ததும் மடித்துத் திரும்ப வைக்கப் போன நேரத்தில் அவளுக்கு வீட்டுக்குத் தூரமாகிவிட்டது. அந்த நாட்களில் சாமிப் பெட்டியைத் தொட முடியாது. வேறு யாரிடமும் சொல்லவும் முடியாது, திறந்ததே தப்பு. அதனால் வெறும் பெட்டியை மூடிப் பரணிலேயே விட்டுவிட்டு, சேலையை ஒரு மஞ்சள் பையில் போட்டு வாயைக் கட்டி, ஒரு குச்சியால் தள்ளி பீரோவின் மேல் ஏற்றிவிட்டாள். அஞ்சாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று. நடுவில் ஒரு சனிக்கிழமை வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை என் பைகளும் பீரோவுக்குப் பக்கத்தில்தான் இருந்தன. வாசலில் ஆட்டோ. “பாப்பா, வாரியா, இல்ல நான் வேற சவாரி பாக்கவா?” என்று ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார் ஆட்டோக்காரர். கண்ணில் பட்ட மஞ்சள் பைகளை எல்லாம், பீரோவின் விளிம்பில் தொங்கியதையும் சேர்த்து, அள்ளினேன். கொட்டகையில் இறக்கும்போது நான்கு இருந்தன. யாரோ கூட ஒன்று கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். மேரி அக்கா அதைப் பிரித்தார். அரக்கு நிறம், பச்சைக் கரை. “ஏண்டி, மடிப்புக்கூடக் கலையல. யாரு வீட்டுச் சேல இது?” என்றார். “எங்க தெருவுல குடுத்தாங்கக்கா” என்றேன். மகளே, இங்கேதான் என் தப்பு. அந்தச் சேலையைப் போன தையில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் மேரி அக்கா என்னைப் பாராட்டப் போகிறார் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டேன். உதவி செய்யும்போது நாம் நல்லவர்களாகத் தெரிகிறோம் அல்லவா, அந்த நேரத்தில்தான் கண் மங்கிப்போகிறது. உனக்கும் நடக்கும். பையைப் பிரித்துப் பார்.

அந்தச் சேலை போனது கட்டுமாவடிக்கு. ஊருக்கு இல்லை, நாய்க்கு. கட்டுமாவடியிலிருந்து வந்த மீன் வண்டியில் வாசனைக்கு ஏறிப் படுத்து, இங்கே வந்து இறங்கிய செவலை நாய் அது. வண்டிக்காரர் பார்த்து, வயிற்றில் குட்டி இருக்கிறது என்று கொட்டகையில் விட்டுப்போனார். மேரி அக்கா அதற்கு ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார். “சொந்தமா டிக்கெட் எடுக்காம வந்தவ” என்று கேலி செய்வார். பிரசவத்துக்கு நல்ல துணியாக வேண்டும் என்று அந்தச் சேலையை எடுத்து வைத்திருந்திருக்கிறார். இந்தத் திங்கட்கிழமை அதன் மேல் ஏழு குட்டிகள் பிறந்தன.

செவ்வாய்க்கிழமை பள்ளிவிட்டு வந்தேன். அம்மா நாற்காலியில் ஏறி பீரோவின் மேலே தடவிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. “பாப்பா, இங்க ஒரு மஞ்சப் பை இருந்துச்சே, பாத்தியா?” என்றாள். “இல்லம்மா” என்றேன். அது ஏன் வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது. “என்ன பைம்மா?” என்றேன், இன்னும் மோசமாக. அம்மா கீழே இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு, பரண் ஒழுகியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். மூத்தவர்களிடம் ஒப்புக்கொள்கிற மாதிரி என்னிடம் சொன்னாள். “அஞ்சாம் நாளு எடுத்து வச்சிருக்கணும். மாவு அரைக்க, பொங்க வேலைன்னு நாளக் கடத்திட்டேன். ஒன் அப்பாட்ட சொல்லிராத. வெள்ளிக்கெழமைக்குள்ள கெடச்சுரும்.” அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் கொட்டகையின் பெயர் வரும், அப்பாவின் நிபந்தனை வரும், கறுப்பு நாயிடம் பாடம் படிப்பது நின்றுபோகும் என்று பயந்தேன். அன்றிரவு அம்மா அரிசி டின்னைக்கூடக் கொட்டித் தேடினாள். நான் அவளோடு சேர்ந்து தேடினேன். மகளே, இதைத்தான் உன்னிடம் என்னால் அழகாக்கிச் சொல்ல முடியாது. எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன்.

நேற்று ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். கட்டுமாவடி சேலையைக் காலால் பிறாண்டி, கிழித்து, குழியாக்கிப் படுத்திருந்தது. பச்சைக் கரை ஒரு குட்டியின் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. ரத்தக்கறை காய்ந்து கறுத்திருந்தது. நான் கையை நீட்டியதும் உறுமியது. என்னைப் பார்த்து அது உறுமியதே இல்லை. மேரி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. “வேணும்னா எடுத்துக்க. நான் தடுக்கல. ஒங்க வீட்டுச் சாமி. ஆனா இன்னைக்கு இதக் கலைச்சா இது குட்டியக் கவ்விக்கிட்டு எடம் தேடி அலையும். ரெண்டு குட்டி பால் குடிக்கவே தெம்பில்லாம கெடக்கு, அது ரெண்டும் தங்காது” என்றார். பிறகு, “ஒங்க அத்த எப்புடி இறந்தாக?” என்று கேட்டார். பிரசவத்தில் என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். “நான் வந்து ஒங்க அப்பாட்ட சொல்லட்டுமா?” என்றார். வேண்டாம் என்றேன். சேலையைத் தொடாமல் வந்துவிட்டேன். அது இரக்கமா, பயமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. துவைத்துக் கொண்டுவந்தாலும் அது இனி கட்டுகிற சேலை இல்லை.

இன்று சாயங்காலம் அப்பா பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினார். அறந்தாங்கியிலிருந்து பெரியப்பா குடும்பம் காலை பஸ்ஸில் வருகிறது. மஞ்சள் தண்ணீர் தொட்ட துணியால் பெட்டியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே கையில் வைத்து ஏந்திப் பார்த்தார். “என்னா, பெட்டி லேசா இருக்கே?” என்றார். அடுப்படியில் மிக்ஸி நின்றது. “ஈரம் காஞ்சிருக்கும்ங்க” என்றாள் அம்மா. “ஈரமா? எங்கேருந்து வந்துச்சு ஈரம்?” என்றார் அப்பா. அம்மா மிக்ஸியை மறுபடி ஓடவிட்டாள். படையலுக்கு முன்னால் திறக்கக்கூடாது என்பதால் அவர் திறக்கவில்லை. விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். “நாளைக்கு நம்ம பாப்பா சேல கட்டுறா” என்று என் தலையில் கை வைத்தார். அந்தக் கை இன்னும் அங்கேயே இருக்கிற மாதிரி இருக்கிறது.

சாப்பிட்ட பிறகு அம்மா கொல்லையில் நின்று சித்தியிடம் போனில் பேசினாள். ஜன்னல் வழியாகக் கேட்டது. “நான்தான் தொலைச்சேன்னு சொல்லிர்றேன்டி. வேற என்ன செய்ய? அவுக அண்ணன் அண்ணியெல்லாம் இருக்கையில சொல்லணும், அதான். சாமி சேலயவே காக்கத் தெரியாதவன்னு வருசத்துக்கும் சொல்லுவாக. சொல்லிட்டுப் போறாக.” பிறகு கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். “புள்ளைக்குத்தான் ஆசையா இருந்துச்சு, கட்டணும்னு” என்றாள்.

அதைக் கேட்ட பிறகுதான் இந்த நோட்டை எடுத்தேன். நான் இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கிறேன். சொன்னால், அப்பா காலையில் முதல் வேலையாக அங்கே போய் அந்தச் சேலையை உருவுவார். அந்த இரண்டு குட்டிகள் போய்விடும், எனக்கு அந்தக் கேட் மூடிவிடும். சொல்லாவிட்டால் அம்மா எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நிற்பாள், நான் அவளுக்குப் பக்கத்தில் நல்ல பிள்ளையாக நிற்பேன். எழுத எழுத ஒன்று மட்டும் தெளிவாகிறது. அப்பா உருவுவார் என்பது நான் நினைப்பது. கார் பிடிக்க ஓடிய பையனிடம், உங்கள் அக்காவின் சேலையில் ஒரு தாய் ஏழு பிள்ளைகளோடு பிழைத்துக் கிடக்கிறாள் என்று யாராவது சொன்னால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லிப் பார்க்கவில்லை. ஆனால் அம்மா தலைகுனிவாள் என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே, விடிவதற்குள் சொல்லிவிடுவேன். இதை உனக்கு எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது என்று நினைக்கிறேன். நீ கொட்டகைக்குப் போ, மகளே. சோறு கொண்டு போ, துணி கொண்டு போ, பாடம் படி. ஆனால் அங்கே போவதை வீட்டில் ஒளிக்க வேண்டிய நாள் வந்தால், அன்றைக்கே வந்து என்னிடம் சொல். நான் திட்டினாலும் சொல். அம்மாவை அரிசி டின்னில் தேட விட்டுவிடாதே. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அந்தக் கறுப்பு நாய்க்கு நான்

கதவு தட்டுகிறது. இரண்டு தட்டு. அம்மா தட்டமாட்டாள், கூப்பிடுவாள். இது அப்பா.

“பாப்பா, முழிச்சிருக்கியாம்மா? கதவத் தெற. அந்தப் பெட்டி வெசயமா ஒண்ணு கேக்கணும்.”

பின்னால் அம்மாவின் குரல் ஓடி வருகிறது. “அவ தூங்குறாங்க, விடுங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அத நான்தான்...”

அம்மா சொல்லி முடிப்பதற்குள் நான் தாழ்ப்பாளைத் திறக்கப் போகிறேன்.